ஏட்டில் ஏறாத பெயர்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள். நாடாளுமன்றத் தேர்தல். தொட்டியத்தில், நாம் அன்றாடம் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் அன்று பள்ளிக்கூடமாக இல்லை, வாக்குச்சாவடியாக இருந்தது. வேப்பமரத்து நிழலில் ஒரு மேசை. மேசைமீது வாக்காளர் பட்டியல். பட்டியலுக்குத் துணையாக நாம். ஆசிரியப் பணியோடு அரசு நம் தோளில் ஏற்றி வைத்திருக்கும் கூடுதல் சுமை ஒன்றுண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பது அதன் பெயர். பெயர் நீளம், படி குறைவு, நடை மிகுதி!

காலை பத்து மணி இருக்கும். மூன்று பெண்கள் வந்தனர். முன்னே வந்தவர் பாட்டி, எழுத்தறியாதவர், கையெழுத்து வேண்டிய இடமெல்லாம் கட்டைவிரலை ஒற்றிப் பழகியவர். அடுத்தவர் அவருடைய மகள்; காவிரிக் கரையோர வாழைத் தோப்புகளில் கூலிக்கு உழைப்பவர். மூன்றாமவள் பேத்தி, நம்மிடம் பயின்ற மாணவி, அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதித்தவள், திருச்சியில் விடுதியில் தங்கி இரண்டாமாண்டு படித்துக் கொண்டிருந்தவள். வாக்களிக்க வேண்டும் என்பதற்காகவே முதல் நாள் இரவு கடைசிப் பேருந்தைப் பிடித்து, முசிறி வழியாக ஊர் வந்து சேர்ந்திருந்தாள்.

பாட்டியின் பெயர் பட்டியலில் இருந்தது. தாயின் பெயரும் இருந்தது. பேத்தியின் பெயரைத் தேடினோம். வீட்டு எண்ணை வைத்துத் தேடினோம். தெருவை வைத்துத் தேடினோம். கடைசிப் பக்கத்துத் துணைப்பட்டியலையும் புரட்டினோம். இல்லை.

"ஆதார் அட்டை இருக்கிறதே சார், அது போதாதா?" என்று கேட்டாள்.

போதாது என்று சொல்ல வேண்டிய வாய் நம்முடையதாக இருந்தது. அருகில் நின்ற பாட்டி நம்மைப் பார்த்துக் கேட்டார்: "எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இருக்கு. படிச்ச புள்ளைக்கு இல்லையா?"

அந்தக் கேள்விக்கு நாம் அன்று விடை கூறவில்லை. கூறும் நிலையிலும் இல்லை. விசாரித்தபோது தெரிந்தது: விடுதியில் கேட்டாளாம், "ஊரில் போய்ப் பதிந்து கொள்" என்றார்களாம். ஊரில் ஒருவரிடம் கேட்டாளாம், "தங்கியிருக்கும் இடத்தில்தான் பதிய வேண்டும்" என்றாராம். இருவர் சொல்லையும் நம்பி, இரண்டு இடத்திலும் இல்லாமற் போனாள். குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. வீடுவீடாகச் சென்றபோது அந்த வீடு பூட்டியிருந்தது. மறுமுறை பார்த்துக் கொள்ளலாம் என்று திரும்பினோம். அந்த மறுமுறை வரவேயில்லை.

பதினெட்டு வயது நிறைந்தால் வாக்குரிமை வந்துவிடும் என்று நம் மாணவர்கள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். வராது! 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தன் 62-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாத எவருக்கும் அத்தொகுதியில் வாக்களிக்கும் உரிமை இல்லை. வயது தகுதியைத் தரும். ஏடுதான் உரிமையைத் தரும். ஆகவே வாக்குரிமையின் வரலாற்றை எழுதப் புகுவோர், யார் யார் வாக்களித்தனர் என்பதோடு நின்றுவிடக் கூடாது. யாருடைய பெயர் ஏட்டில் ஏறியது, யாருடைய பெயர் ஏறாமல் தடுக்கப்பட்டது, தடுத்தவர் கையில் இருந்த காரணம் என்ன என்று கேட்க வேண்டும். பாட்டியின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தொடங்குவோம், எல்லோரும் தொடங்கும் இடத்திலேயே. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர். வைகுண்டப்பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். குடவோலை என்ற பெயரைக் கேட்டதுமே மேடையில் நிற்பவருக்கு மார்பு விம்முகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று முழங்குகிறார். நாமும் வகுப்பறையில் அவ்வாறு முழங்கியவர்தாம். முழங்கிய பிறகு கல்வெட்டின் வாசகத்தைப் பொறுமையாகப் படித்தோம். குரல் சற்றுத் தாழ்ந்தது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்து, வாரியங்களுக்கு உறுப்பினரை அமைத்தனர். ஏரியைக் காக்க ஒரு வாரியம். தோட்டத்தைக் காக்க ஒரு வாரியம். முறை செம்மையானது, மறுக்கவில்லை. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் இடக்கூடாது என்ற விதியைப் படிக்கும்போது, இன்றைக்கு அது வந்தால் எத்தனை பேர் உறக்கம் கெடும் என்று எண்ணிச் சிரித்தோம். ஆனால் தகுதியுடையோர் யார்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி இருக்க வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலம் என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்த ஏரியை வெட்டியவன் பெயரும், அந்த ஏரி நீரில் நாற்று நட்டவள் பெயரும் எந்த ஓலையிலும் இல்லை என்பது விளங்கும். குடத்தில் ஓலை இருந்தது. ஓலையில் ஊரில் பாதிகூட இல்லை.

அந்தக் கல்வெட்டில் நம் உள்ளத்தைத் தைத்த இடம் வேறொன்று. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுக்க ஒரு சிறுவனை அழைத்தனர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் எடுத்தால்தான் சூதில்லை என்று ஊர் நம்பியது. நல்லது. சிறுவனின் கை தேவைப்பட்டது. கையின் தூய்மை தேவைப்பட்டது. அவன் வளர்ந்து முப்பத்தைந்து வயது ஆனாலன்றி அவன் பெயர் மட்டும் தேவைப்படவில்லை. இளைஞனின் கையை வாங்கிக் கொண்டு பெயரை விட்டுவிடும் வழக்கம் அங்கே தொடங்கியதோ என்னவோ, ஆயிரம் ஆண்டு அது நீடித்தது.

வெள்ளையர் ஆட்சியில் ஓலை போயிற்று, காகிதம் வந்தது, நிலம் போகவில்லை. 1919-ஆம் ஆண்டின் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி, 1920 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. மாகாணத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 4 கோடி. வாக்காளர் எத்தனை பேர்? சுமார் 12½ இலட்சம்! நூற்றுக்கு மூவர். நிலவரி கட்டியவர், நகரத்தில் வீட்டுவரி கட்டியவர், வருமானவரி கட்டியவர் — வரி ஏட்டில் ஏறிய பெயர்தான் வாக்காளர் ஏட்டில் ஏறியது. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கடந்தவர்களுக்குப் பல்கலைக்கழகத் தொகுதி என்று தனியே ஒன்று வேறு. நிலமும் பட்டமும் ஒருங்கே உடைய கனவானுக்கு இரண்டு இடத்தில் பெயர். உழுபவனுக்கு ஓரிடத்திலும் இல்லை. அந்த 12½ இலட்சத்திலும் நால்வரில் ஒருவர்தாம் சாவடிக்குச் சென்றார். காங்கிரசார் தேர்தலைப் புறக்கணித்தது ஒரு காரணம். அத்தேர்தலில் வென்ற நீதிக்கட்சியின் ஆட்சிக் காலத்தில், 1921 ஏப்ரல் 1-ஆம் நாள், பெண் என்பதற்காக ஒருவரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்று சென்னைச் சட்டசபை முடிவு செய்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதைச் செய்தது சென்னையே முதலாவது. பெருமைதான், ஆயினும் சொத்துத் தகுதி அப்படியே நின்றது. தன் பெயரில் நிலம் இல்லாத பெண்ணுக்கு, கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்டது போலத்தான் ஆயிற்று. எத்தனை குடும்பங்களில் பெண் பெயரில் பட்டா இருந்தது அன்று? இன்றும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று தொட்டியத்துத் தெருக்களில் கேட்டுப் பாருங்கள்.

1928-இல் சைமன் குழுவின் முன் அம்பேத்கர், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வாதாடினார். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு தொலைவு வரவில்லை. வட்டத்தைச் சற்று அகலமாக்கியது; எழுதப் படிக்கத் தெரிந்தவரையும் உள்ளே விட்டது. 1937 மாகாணத் தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் வாக்காளர் 3 கோடி அளவினர். மற்றவர் வேலிக்கு வெளியே நின்றனர்.

வேலி விழுந்தது அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவால். 21 வயது நிறைந்த குடிமக்கள் எவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், எந்தச் சாதியாயினும், எழுத்தறிந்தவராயினும் அறியாதவராயினும் வாக்காளரே என்றது அது. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதிருந்த நாட்டில், 17 கோடிக்கு மேற்பட்டோர் பெயரை வீடுவீடாகச் சென்று எழுதினார்கள். இரும்புப் பெட்டிகளும் சின்னங்களும் பற்றி நிறையக் கதைகள் உண்டு. நாம் எடுத்துக் கொள்வது ஒரே ஒரு செய்தியை.

பெயர் எழுத வந்தவரிடம், பீகார், ராஜஸ்தான் முதலிய வட மாநிலங்களில் இலட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்", "இன்னாருடைய மகள்" — அவ்வளவுதான். அந்நிய ஆடவனிடம் பெயரைச் சொல்வது முறையல்ல என்பது அங்கே வழக்கம். எழுதியவரும் அப்படியே எழுதிக் கொண்டார். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக் கொள்கிறோம் என்று அவகாசம் கொடுத்துப் பார்த்தார். பலர் சொன்னார்கள். சொல்லாமல் நின்ற பெண்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். அவ்வளவு பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். கொடுமை என்று அன்று சிலர் கூறினர். அடுத்த தேர்தலில் பெண்கள் தம் பெயரோடு வந்தனர். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வழக்கம் உள்ளிருந்து தாழிட்டது. 1951-இல் தாழிட்டது நாணம். 2024-இல் நம் மாணவர் பலரைத் தாழிடுவது எது? சோம்பல் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை அன்று. பிறகு வருவோம்.

எழுதாத பெயரின் கதை இது. எழுதிய பெயரை அழித்தால் என்ன ஆகும் என்பதை அறியக் கடல் கடந்து இலங்கைக்குப் போக வேண்டும். டொனமூர் சீர்திருத்தத்தால் 1931-லேயே ஆண் பெண் இருபாலார்க்கும் 21 வயதில் வாக்குரிமை வழங்கிய நாடு அது. திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் மக்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள், 1947 தேர்தலில் தம் சார்பில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. ஏழு இலட்சம் பேர் அளவில் நாடற்றவராயினர்; அவர்களில் வாக்காளராக இருந்தோர் ஏட்டிலிருந்து இறக்கப்பட்டனர். 1952 தேர்தலில் அதே தோட்டம், அதே லயம், அதே கூடை. சாவடிப் பக்கம் மட்டும் போக முடியவில்லை. வாக்கு இல்லாதவனைத் தேடி எந்த அமைச்சர் மலை ஏறுவார்? பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அந்த லயங்களுக்கு எவ்வளவு காலம் கழித்து வந்தன என்பதை மலையகத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. ஏட்டிலிருந்து ஒரு பெயரை இறக்கச் சில மாதம் போதும். திரும்ப ஏற்ற அரை நூற்றாண்டு ஆகிறது.

சொத்து தடையாக நின்ற கதையையும், வழக்கமும் சட்டமும் தடையாக நின்ற கதையையும் சொன்னோம். வயது தடையாக நின்ற கதை மாணவருக்கே உரியது. அதைச் சற்று விரித்துச் சொல்வோம்.

1965 ஜனவரி. இந்தியே ஆட்சிமொழி என்ற அறிவிப்பை எதிர்த்து, சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் கோவையிலும் கல்லூரிகள் காலியாயின, தெருக்கள் நிறைந்தன. அதற்கு ஓராண்டு முன்னரே, 1964 ஜனவரி 25-இல், திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்து மாண்டிருந்தார். 1965 ஜனவரி 27-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த கிளர்ச்சி அது. இரண்டு ஆண்டு கழித்து, 1967 பிப்ரவரித் தேர்தலில் மாநில ஆட்சி மாறியது. விருதுநகரில் காமராசரை எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவராக விளங்கிய பெ. சீனிவாசன். வென்றார். வேறுபாடு 1,285 வாக்குகள்.

இது எல்லோரும் அறிந்த வரலாறு. எல்லோரும் எண்ணிப் பாராத கணக்கு ஒன்று உண்டு. 1965 ஜனவரியில் பதினெட்டு வயதோடு ஊர்வலத்தில் நடந்த மாணவனுக்கு 1967 பிப்ரவரியில் வயது இருபது. அடி வாங்கியவன் அவன். சிறை சென்றவன் அவன். வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்டவனும் அவன். வாக்களிக்க மட்டும் அவனால் முடியாது. சட்டம் கேட்டது இருபத்தொரு வயது. தன் அப்பனிடம் கெஞ்சினான், அத்தையிடம் மன்றாடினான், டீக்கடையில் வாதாடினான், வாக்குச்சாவடிக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே போனவர்கள் கையை அவனால் திருப்ப முடிந்தது. தன் கையை நீட்ட முடியவில்லை. உத்தரமேரூர்ச் சிறுவன் அங்கேயும் நின்று கொண்டிருந்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கறுப்பின மக்களுக்கு அங்கே வாக்குரிமை சட்டப்படி இருந்தது. ஏட்டில் மட்டும் பெயர் ஏறாது. பதிவு அலுவலர் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து, "இதற்கு விளக்கம் எழுது" என்பார். வெள்ளையர் எழுதினால் எதுவும் சரி. கறுப்பர் எழுதினால் எதுவும் தவறு. 1964-இல் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் பதிவு பெற்றவர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. அந்தக் கோடை விடுமுறையில், வட மாநிலக் கல்லூரிகளிலிருந்து ஆயிரம் பேர் அளவில் மாணவ மாணவியர் மிசிசிப்பிக்குச் சென்றனர். உல்லாசப் பயணம் போகவில்லை. பருத்திக் காட்டு மண்பாதைகளில் நடந்து, பிறர் பெயரை ஏட்டில் ஏற்றப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்த உள்ளூர் இளைஞர்கள் அதற்கு முன்பிருந்தே அதே வேலையைச் செய்து அடிபட்டுக் கொண்டிருந்தனர்.

ஜூன் 21-ஆம் நாள், எரிக்கப்பட்ட தேவாலயம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்று இளைஞர்களை வெறியர் கூட்டம் வழிமறித்துக் கொன்றது; காவல் அதிகாரி ஒருவரும் அதற்கு உடந்தை. ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர், ஆண்ட்ரூ குட்மன். முதல்வர் உள்ளூர்க் கறுப்பின இளைஞர்; மற்ற இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்தவர்கள். குட்மன் கல்லூரி மாணவர். வயது இருபது. அமெரிக்காவிலும் அன்று பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றே! தனக்கே வாக்கு இல்லாத வயதில், பிறருக்கு வாக்கு வேண்டும் என்று போய் உயிர் கொடுத்தவர் அவர். அந்தக் கோடையில் ஏறத்தாழ 17,000 கறுப்பினத்தவர் பதிவு கேட்டு வரிசையில் நின்றனர். ஏற்கப்பட்டவர் 1,600 பேரே. எஞ்சிய விண்ணப்பங்கள் வீணாயின என்று எண்ண வேண்டா. மறுக்கப்பட்ட ஒவ்வொரு தாளும் ஒரு சான்றாயிற்று. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1967-க்குள் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு நூற்றுக்கு அறுபதை நெருங்கியது.

பிறகு வயது வரம்பு நாடுதோறும் தளர்ந்தது. பிரிட்டன் 1969-இல் பதினெட்டாக்கியது. வியட்நாம் போருக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளையை அனுப்பிக் கொண்டிருந்த அமெரிக்கா 1971-இல் இறங்கி வந்தது. நம் நாட்டில் 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் 61-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1989 மார்ச் 28-இல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் ஒரு விந்தை: நம் சட்டமன்றத் தேர்தல் 1989 ஜனவரி 21-இல் நடந்து முடிந்துவிட்டது. இரண்டு மாத இடைவெளியில் நம் பதினெட்டு வயதினர் அதைத் தவறவிட்டு, அந்த ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில்தான் சாவடிக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தனர்.

அதற்குப் பிறகும் ஒரு முள் இருந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு தகுதி நாள், ஜனவரி 1. ஜனவரி 2-ஆம் நாள் பதினெட்டு நிறைந்தவர் அடுத்த ஜனவரி வரை காத்துக் கிடக்க வேண்டும். 2021-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் அதை நான்காக்கியது: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 2022 முதல், பதினேழு வயது நிறைந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். முள்ளை எல்லாம் எடுத்தாயிற்று. பாதையில் நடப்பவர் எத்தனை பேர்? 2024 தேர்தலின்போது நாடு முழுவதும் 18, 19 வயது வாக்காளர் 1 கோடியே 80 இலட்சம் என்றது தேர்தல் ஆணையம். அந்த வயதில் இருப்போரின் தொகையோடு ஒப்பிட்டால் இது பாதியைக்கூட எட்டவில்லை. நிலம் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை, அரசியலமைப்புக்கு விளக்கம் எழுதச் சொல்லவில்லை. இருந்தும் பாதிப் பேர் வெளியே!

ஏன் என்று நம் பழைய மாணவர் சிலரைக் கேட்டோம். "எவர் வந்தால் என்ன சார், எல்லாம் ஒன்றுதான்" என்றான் ஒருவன். அப்படியானால், எவரும் வேண்டா என்று சொல்வதற்கும் உச்ச நீதிமன்றம் 2013-இல் பொத்தான் ஒன்றை வைக்கச் செய்திருக்கிறது, தம்பி. அதை அழுத்துவதற்கும் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும் என்றோம். "என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?" என்றாள் மற்றொருத்தி. 2016-இல் இராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வேறுபாடு 49 வாக்குகள். 2021-இல் தியாகராய நகரில் 137. திருச்சியில் ஒரு விடுதியில் ஒரு மாடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வா என்றோம். வந்தாள், எண்ணிக்கையைச் சொல்லவில்லை, சிரித்தாள்.

ஆனால் பெரும்பாலோர் சொன்னது இவை அல்ல. "எங்கே பதிவது என்று தெரியவில்லை" என்றார்கள். இதுதான் உண்மையான முடிச்சு என்று நாம் கருதுகிறோம். தொட்டியம் வட்டத்துப் பிள்ளைகள் முசிறிக்கும் நாமக்கல்லுக்கும் நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறார்கள். திருச்சியிலும் கோவையிலும் சென்னையிலும் விடுதியில் தங்குகிறார்கள். ஊருக்கு அவர்கள் வெளியூர் போனவர்கள். நகருக்கு அவர்கள் வந்து தங்கியவர்கள். தொகுதியின் பெயரும் அவர்களைக் குழப்புகிறது. 2006 தேர்தல் வரை தொட்டியம் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது மறைந்தது. இப்பொழுது நாம் சட்டமன்றத்துக்கு முசிறித் தொகுதி, நாடாளுமன்றத்துக்குப் பெரம்பலூர்த் தொகுதி. தம் ஊர்ப் பெயரைப் பட்டியலில் தேடிக் காணாமல் திரும்பிய பிள்ளைகள் உண்டு.

ஆகவே வரலாற்றிலிருந்து சற்று இறங்கி, அலுவலகப் பேச்சாகச் சிலவற்றைச் சொல்கிறோம், பொறுத்தருள்க. விடுதி மாணவர் தம் பெற்றோர் வீட்டிலும் பதியலாம். விடுதி முகவரியிலும் பதியலாம். தேர்வு அவருடையது. விடுதியில் பதிவதானால் கல்வி நிலையத் தலைவரின் சான்று இணைக்க வேண்டும். இரண்டு இடத்தில் பதியக் கூடாது. பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. புதிதாகப் பதிவோர்க்குப் படிவம் 6. இடம் மாறியோர்க்குப் படிவம் 8. இணையத்திலும் கொடுக்கலாம், நம்மைப் போன்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர் கையிலும் கொடுக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருப்போர் ஒன்றை அறிய வேண்டும்: வேட்புமனுவின் கடைசி நாளோடு ஏடு மூடப்படும். வாக்கெடுப்பு நாளன்று கண்ணீர் விட்டாலும் நம்மால் ஒரு வரி சேர்க்க முடியாது. விட்ட கண்ணீரைப் பார்த்தவர் சொல்கிறோம்.

பதிந்தாயிற்று என்று மறந்துவிடவும் கூடாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, கணக்கெடுப்புப் படிவங்களைச் சுமந்து கொண்டு மறுபடியும் தெருத்தெருவாக நடந்தோம். "பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான்" என்று சொல்லிப் படிவத்தை வாங்காமலே கதவைச் சாத்தப் போன தாய்மாரிடம், அவனுக்காக நீங்களே கையெழுத்திடலாம் அம்மா, திருப்பிக் கொடுக்காவிட்டால் பெயர் போய்விடும் என்று வாசலில் நின்று வாதாடினோம். பூட்டிய வீடுகளுக்கு இம்முறை மூன்று தடவை போனோம். ஏப்ரல் 19 கற்பித்த பாடம் அது.

அந்த மாணவியின் கதையையும் சொல்லி விடுகிறோம். 2024 ஜூன் மாதம், கல்லூரி திறப்பதற்கு முன், படிவம் 6-ஐ எடுத்துக் கொண்டு நாமே அந்த வீட்டுக்குப் போனோம். பாட்டி திண்ணையில் இருந்தார். தாய் தோப்பிலிருந்து அப்பொழுதுதான் வந்து கைகால் கழுவிக் கொண்டிருந்தார். மாணவி படிவத்தை வாங்கி, தன் பெயரை எழுதினாள். பிறந்த நாளை எழுதினாள். ஊர் முகவரியை எழுதினாள். உறவினர் பெயர் என்ற இடம் வந்தது. தந்தை, தாய், கணவர், மனைவி என்று பல சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்றைத் தேர்ந்து பெயரை எழுத வேண்டும். பேனாவை எடுத்தவள் சற்று நிறுத்தினாள்.

"அம்மா பேரை எழுதலாமா சார்?" என்று கேட்டாள்.

எழுதலாம் என்றோம். எழுதினாள். எழுதியதைப் பாட்டிக்கு உரக்கப் படித்தும் காட்டினாள்.